மூன்று பொத்தான்

"முகப்புல மூணு பட்டன் போதும் மேடம். அதுக்கு மேல வச்சா வர்றவங்க குழம்பிடுவாங்க" என்று இணையதளம் வடிவமைக்கும் நவாஸ் போனில் சொன்னதும் எஸ்தருக்கு முகம் சுண்டிப்போனது. களிமண்ணில் சட்டைப் பொத்தான்கள் செய்து சுட்டு விற்பவள் அவள். அறுபது வகை இருக்க, மூன்றுதானா? நான்கு நாள் மேசையில் பரப்பிவைத்து, எடுப்பதும் வைப்பதுமாகக் கிடந்தாள். கடைசியில் மீன்கண் போல ஒன்று, பாக்கு நிறத்தில் ஒன்று, ஓரம் சற்றுக் கோணிய நீலம் ஒன்று என்று பொறுக்கி, பஞ்சில் சுற்றிக் கூரியரில் அனுப்பினாள்.

பார்சலைப் பிரித்த நவாஸ் சிரித்த சிரிப்பில் அவனுக்கு இருமலே வந்துவிட்டது. உடனே அவளுக்குப் போன் போட்டான். "மேடம், நான் சொன்னது திரையில அமுக்கற பட்டன்."

"பட்டனை யாராவது அமுக்குவாங்களா தம்பி? காஜாவுல இல்ல மாட்டுவாங்க?"

நவாஸ் அந்த நீலப் பொத்தானை எடுத்துத் தன் சட்டைக் காஜாவில் மாட்டிப் பார்த்தான்.

பத்தாம் நாள் தளம் திறந்தது. திரையில் மூடிய சட்டை ஒன்று. அதில் அவளுடைய மூன்று பொத்தான்கள். நீலத்தை விரலால் நகர்த்திக் காஜாவிலிருந்து கழற்றியதும், துணி விலகி அறுபது வகையும் தெரிந்தன. எஸ்தர் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டியதில், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது.

ஒரு வாரம் கழித்து நவாஸ் கூப்பிட்டான். குரல் தாழ்ந்திருந்தது.

"மேடம், வந்து பார்க்கறவங்க, போறப்ப திரும்ப மாட்டிட்டுப் போறாங்க. அப்படிச் செய்யச் சொல்லி நான் எங்கேயும் எழுதல."