இடது கம்பி

"மறுபடியும் வாலை யாரோ தொட்டிருக்காங்கடா" என்றான் பிச்சைமுத்து. தொடர்ந்து நாலாவது நாளாக இதே பேச்சு.

செந்துறையில் அவன் நண்பன் வேல்முருகன் வீட்டுக் கூடத்தையே அடைத்துக்கொண்டு கிடந்தது அந்த எட்டடி ரிமோட் விமானம். கத்தாரில் ஒன்பது வருடமாக வெல்டிங் பார்க்கிற வேல்முருகன், பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்து இந்த லீவில் கட்டியது. "இது பறக்காம நான் பிளேன் ஏற மாட்டேன்" என்று டிக்கெட்டை இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. சனிக்கிழமைக்குள் வராவிட்டால் வேலை இல்லை என்று கம்பெனியும் சொல்லிவிட்டது.

விமானத்தைத் திருப்புவது வாலில் இருக்கும் ரட்டர் என்ற அசையும் தகடு. வயிற்றுக்குள் இருக்கும் மோட்டாரிலிருந்து அதன் இரு பக்கமும் இரண்டு கம்பிகள் போகும். இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். தினமும் விடிந்து பார்த்தால் இடது கம்பி மட்டும் தொளதொளவென்று கிடந்தது.

"வெண்ணெ திரண்டு வர்றப்ப தாழி ஒடஞ்ச கதையால்ல இருக்கு! இதைப் பொட்டலுக்கு ஏத்திட்டுப் போக வெளியில வண்டி வேற நிக்குது." பிச்சைமுத்து சலித்துக்கொண்டான். டீ கொண்டுவந்த வேல்முருகனின் மனைவி பிரவீணாவைப் பார்த்துச் சிரித்தான். "ஏம்மா, புருசனை அனுப்ப மனசில்லாம நீதான் திருகி வெக்கிறியா?"

பிரவீணா டீயைத் தரையில் வைத்தாள். ஒரு வாரமாகவே அவள் கண்கள் வீங்கித்தான் இருந்தன.

"அவளை ஏன்டா சொல்ற? புதுக் கம்பி, தளரத்தான் செய்யும்." வேல்முருகன் சட்டைப் பையிலிருந்து குட்டி ஸ்பேனரை எடுத்தான். கம்பியை இறுக்கும் நட்டுக்குப் பொருந்துவது வீட்டில் அது ஒன்றுதான்.

பிரவீணா ரிமோட்டைப் பிடித்துக்கொண்டாள். "வலது" என்றான், ரட்டர் ஒழுங்காகப் போனது. "இடது" என்றான், பாதியில் நின்று நடுங்கியது.

அரைச் சுற்று இறுக்கினால் ஒரு பக்கம் இழுத்தது. கால் சுற்று விட்டால் மறுபக்கம் தொங்கியது. ஒரு வாலோடு மனுஷன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று பார்க்கிறவர்களுக்கே அலுப்பாக இருந்தது.

ஒரு வழியாக இரண்டும் சரியானபோது மணி ஒன்பதரை. கொடியில் கிடந்த துணிகள் படபடக்க ஆரம்பித்துவிட்டன. காற்று கிளம்பிவிட்டால் அவ்வளவு பெரிய விமானத்தைப் பறக்கவிட முடியாது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. அதை விட்டா நாளில்லடா, சொல்லிட்டேன்." பிச்சைமுத்து வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வேல்முருகன் கால்களை நீட்டித் தரையில் சாய்ந்தான். "இன்னிக்கும் போச்சு" என்றான், யாரையும் பார்க்காமல்.

பிரவீணா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாலு நாளாக உள்ளுக்குள் வைத்துப் புழுங்கியது. இதற்குமேல் அவளால் முடியவில்லை.

"காலையில நான் பாலுக்குப் போனதும் நீங்களே கம்பியைத் தளர்த்த வேணாம் மாமா, போகலன்னு சொன்னாப் போதும்."