வாரேனுங்க

ஹாஸ்டல் பார்க்க இளவேனில் காங்கேயத்திலிருந்து கோவைக்கு வந்திருந்தாள்; கூடவே அப்பா காளிச்சாமியும் வந்திருந்தார். ஹாஸ்டலின் பெயர்ப் பலகையில் தங்கக் கிரீடம் இருந்தது. உரிமையாளர் கிருபாசங்கர் அதைத் தானே சூடியிருப்பவர்போல் நடந்தார்.

மாடி அறையில் மூன்று கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஈரத் துண்டு தொங்கியது.

"ஆளையே காணமுங்களே?" என்றாள்.

"ரூம் பாத்துட்டு, வாரேன்னு சொல்லிப்போட்டுப் போன புள்ளைங்க, அம்மணி. வாரேன்னு சொன்னவங்க வந்துருவாங்க," என்றார் கிருபாசங்கர்.

"துண்டு முன்னாடியே வந்துருச்சாக்கும்!" என்றார் காளிச்சாமி. கிருபாசங்கர் சிரிக்கவில்லை.

அவளுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. வேறு பார்க்கலாமென்று கிளம்பினார்கள். அப்பா பேசாமல் இறங்கிவிட்டார். அவள்தான் பழக்கதோஷத்தில், "வாரேனுங்க" என்றாள்.

"வா அம்மணி," என்று கிருபாசங்கர் முதல்முறையாகச் சிரித்தார்.

தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். காலையில் வீட்டுக் கொடியில் காயப்போட்டு வந்த அவளுடைய ஊதாத் துண்டு, மாடி ஜன்னலில் சொட்டிக்கொண்டிருந்தது.