அசையாத சுரம்

“நூத்தம்பது வருஷமா யாரும் தொடாத பாட்டு. அதை நாம பாடணும்னு என்ன வேண்டுதலா மேடம்?” என்றார் செயலாளர்.

பாடகர் குழுவின் தலைவி அசரவில்லை. “இதை எழுதினவரோட பியானோ இசையை உலகமே கொண்டாடுது. தேவாலயத்துக்காக எழுதினதை மட்டும் ஒருத்தரும் சீண்டலை. ஆண்டு விழாவுக்கு இந்தப் பிரார்த்தனைதான். கேட்டா அசந்துடுவீங்க.”

“அடிக்குரல் பாட ஆளுக்கு எங்க போறது? பன்னெண்டு நிமிஷமும் ஒரே சுரம். ஃப்ரிட்ஜ் மாதிரி உறும எங்களால ஆகாதுன்னு நம்ம ஆளுங்க கையை விரிச்சுட்டாங்க.”

“ஆள் வெச்சிருக்கேன்.”

ஒத்திகை அறையின் கதவருகே, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் எழுந்து வணக்கம் வைத்தார். தலைவியின் அக்கா கணவர்.

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இவரா? நாலு வருஷமா குரல் தேர்வுக்கு வர்றார். எந்தச் சுரம் கொடுத்தாலும் அதே ஒண்ணைத்தானே பாடறார்?”

“அந்தச் சுரம்தான் இது.”

“ஓஹோ. சொந்தக்காரருக்காகத் தோண்டி எடுத்த பாட்டா?”

“ஆமா. இந்த வருஷமும் மாமா மேடையேறலைன்னா வீட்டுப் பக்கம் வராதேன்னு அக்கா சொல்லிட்டா. ஒவ்வொரு தடவையும் அவர் முகம் வாடிப் போறதை என்னாலயும் பார்க்க முடியலை. ஆனா பாட்டு எப்படின்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க.”

அவள் குழுவைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். மாமா கண்ணை மூடித் தன் சுரத்தைப் பிடித்தார். மேலே மற்ற மூன்று குரல்களும் ஏறின, இறங்கின, பிரிந்து போய்ச் சேர்ந்துகொண்டன. அவர் இம்மியும் நகரவில்லை. எங்கே மூச்சு வாங்கினார் என்றே தெரியவில்லை.

முடிந்தபோது செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்த ஒற்றைச் சுரம் அசையாத விசுவாசத்தோட அடையாளம்னு ஆராய்ச்சிப் புத்தகத்துல படிச்சேன். இப்பத்தான் உறைக்குது” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “ஆனா மேடம், இவ்வளவு பெரிய விஷயத்தைக் குடும்பத்து ஆளுக்குத் தூக்கிக் கொடுத்தா நல்லாவா இருக்கும்? எழுதின மகான் என்ன நினைப்பார்?”

“அவரையே கேட்போம்” என்று, நூலகத்திலிருந்து வாங்கி வந்த கையெழுத்துப் பிரதியின் நகலை எடுத்தாள் அவள். அச்சுப் புத்தகங்கள் விட்டுவிட்ட முதல் பக்கம் அது. தலைப்புக்குக் கீழே அவர் எழுதியிருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

“என் அக்கா கணவருக்கு. அவருக்கு வருவது இந்த ஒரு சுரம்தான். அவரைப் பாட வைக்காவிட்டால் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.”