மூன்று விநாடி

“முதலாவதா வந்தவளை வீட்டுல உட்கார வச்சுட்டு, ரெண்டாவதா வந்தவளை ஜகார்த்தாவுக்கு அனுப்பப் போறீங்க. இதுக்குப் பேரு தேர்வுப் போட்டியா சார்?”

நீச்சல் சங்கத்தின் செயலாளர் பேரின்பநாயகம் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். எதிரே நின்ற அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். மழையில் பாதி நனைந்த வாயில் புடவை, கையில் குடை. உள்ளே வந்தவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நாலு நாள் பழைய செய்தித்தாள் ஒன்றை மேசைமேல் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஆசிய விளையாட்டுப் போட்டிக்குச் செல்லும் சிங்கப்பூர் அணியின் பட்டியல் அதில் வந்திருந்தது. பெண்கள் நூறு மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சல் என்ற வரிக்கு எதிரே கமலாவின் பெயர். சந்திரமதியின் பெயர் எங்கும் இல்லை.

பெற்ற தாய் ஒருநாள் வந்து நிற்பார் என்று பேரின்பநாயகம் எதிர்பார்த்தே இருந்தார். அழுதுகொண்டு வருவார் என்றுதான் நினைத்திருந்தார்.

“இருங்கோ அம்மா. உங்கட கோபம் எனக்கு விளங்குது.”

“நான் உட்கார வரல. சந்திரமதி ஒரு நிமிஷம் இருபத்துநாலு விநாடி. கமலா ஒரு நிமிஷம் இருபத்தேழு. மூணு விநாடின்னா தண்ணில ரெண்டு ஆள் நீளம் சார். கடைசி இருபது மீட்டர்ல மத்தவங்க எல்லாம் கையைத் தூக்க முடியாமத் தவிச்சாங்க. கமலாவும்தான். சந்திரமதி மட்டும் ரெண்டு கையையும் ஒண்ணா வீசிட்டே வந்தா. நீங்களும் பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?”

“நேரத்தில பிழை இல்லை அம்மா. திரும்பேக்க ஒரு கையாலதான் சுவரைத் தொட்டவ. வண்ணத்துப்பூச்சியில ரெண்டு கையும் ஒரே நேரத்தில படவேணும். சட்டம் அது.”

“யாரு பார்த்தா?”

“நடுவர்...”

“அந்தச் சுவர்கிட்ட நின்ன நடுவர் ரவூப். நேத்து தேக்காவுல அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். ரெண்டு கையும் சேர்ந்துதான் பட்டுச்சு, அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்னு சொன்னார். எடுங்க அந்தத் தாளை.”

பேரின்பநாயகம் இழுப்பறையின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

“இது நான் தனியா எடுத்த முடிவில்லை. கமிட்டி முடிவு.” அவர் குரல் இறங்கியது. “அங்க விருந்து, அணிவகுப்பு, பெரிய பெரிய ஆக்களோட பழக்கம் எல்லாம் இருக்கு. கிளப்பில வளந்த பிள்ளை எண்டா சமாளிப்பா எண்டு அவையள் யோசிச்சவை.”

“கிளப்புல வளராத பிள்ளைன்னா?”

அவர் தேநீர்க் கோப்பையை மறுபடி பக்கத்தில் இழுத்தார்.

“நான் சொல்றேன். அப்பா தங்கராஜு முனிசிபல்ல சாக்கடை அள்ளுறார். கேலாங்குல அத்தாப்பு ஓலைக் கூரை வீடு. பொதுக் குளத்துல நீந்திப் பழகின பொண்ணு. அதானே? அந்தப் பொண்ணு இறங்கினா ஜகார்த்தாத் தண்ணி நாறிடும்னு பயந்துட்டாங்களா உங்க கமிட்டிக்காரங்க?”

“அம்மா, கொஞ்சம் அளந்து கதையுங்கோ.”

“நீங்க அளந்தீங்களா? ஸ்டாப்வாட்ச் வச்சு அளந்துட்டு, அது பிடிக்கலைன்னதும் அப்பன் தொழிலை வச்சு அளந்தீங்க! ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணு விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, பஸ் ஏறி ஃபேரர் பார்க் குளத்துக்கு வருது. தோள்பட்டையில ஒட்டுப் போட்ட நீச்சல் உடையோடதான் ஜெயிச்சுது. அதுகிட்டப் போய், நீ ஒத்தைக் கையால தொட்டேன்னு பொய் சொல்லியிருக்கீங்க. இப்ப அது என்ன பண்ணுது தெரியுமா? தான்தான் தப்புப் பண்ணிட்டோம்னு நம்பிடுச்சு. நேத்துக்கூடக் குளத்துல தனியா, திரும்பித் திரும்பி ரெண்டு கையாலயும் சுவரைத் தொட்டுப் பழகிட்டு இருக்கு சார்!”

அதுவரை தணியாத அந்தக் குரல் அங்கே உடைந்தது. அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைநீரையா கண்ணீரையா என்று தெரியவில்லை.

பேரின்பநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நானும் பெண்பிள்ளை பெத்தவன்தான். தன்ர மகள் போகவேணும் எண்டு எந்தத் தாய்க்கும் ஆசை இருக்கும்.”

“இருக்கு சார். இல்லைன்னு சொல்லமாட்டேன். நாலு நாளா ராவும் பகலும் அந்த ஆசையோடதான் மல்லுக்கட்டிட்டு இருந்தேன்.”

வெளியே மழை வலுத்தது. செயலாளர் செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ரவூப்பின் தாளை எடுத்தார். ‘தவறு எதுவும் இல்லை’ என்று எழுதி, கீழே கையெழுத்து இருந்தது.

“சரி அம்மா. பின்னேரம் கமிட்டி கூடுது. இதை அவையளுக்கு முன்னால வைக்கிறன். சந்திரமதியின்ர பெயரைப் போடாட்டி இந்தச் செயலாளர் கதிரையில நான் இருக்கமாட்டன் எண்டும் சொல்லுறன்.”

அந்த அம்மாள் கைகூப்பினார்.

“ஆனா ஒண்டு யோசிச்சியளோ? பட்டியல் பேப்பரிலயும் வந்திட்டுது. நாளைக்குக் கமலாவின்ர தாய் இதே கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, இதே மாதிரிக் கத்துவா. அவவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?”

“அவ நாளைக்கு வரமாட்டா சார். மகளே அனுப்பி வச்சு, இன்னைக்கே வந்து கத்தியாச்சு” என்றார் அந்த அம்மாள், குடையை விரித்தபடி. “கமலாவைப் பெத்தவ நான்தான்.”