நடுக்கதவின் சாவித்துவாரம்

அண்ணனும் தம்பியும் வீட்டைப் பாகம் பிரித்தபோது நடுக்கதவைப் பூட்டி ஆளுக்கொரு சாவியை வைத்துக்கொண்டார்கள். பதினோரு வருடங்களாக யாரும் அதைத் திறக்கவில்லை. மூன்று நாட்களாக அந்தப் பக்கம் ஓரகத்தி தையல்நாயகியின் இருமல் ஓயவேயில்லை. நான்காம் நாள் தம்பி மனைவி பூங்காவனம் அரிசிப் பானைக்குள் கிடந்த சாவியை எடுத்து வந்தாள். சாவித்துவாரத்தைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. கொண்டை ஊசியால் சுரண்டினாள்.

“சுரண்டாதடி, உள்ள புழு இருக்கு.” கதவுக்குப் பின்னால் தையல்நாயகியின் குரல்.

பூங்காவனத்தின் கை நின்றது. எத்தனை நாளாக அக்காவும் இந்தத் துவாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்?

“எப்பக்கா வெளிய வரும்?”

“இருவது நாளாவும்பாங்க.”

“இருமல்?”

“அது கெடக்கு, போ.”

மறுநாளிலிருந்து காலையில் பால் காய்ந்ததும், “வந்துட்டுதா?” என்று இங்கிருந்து கேள்வி போகும். “இன்னும் இல்ல” என்று பதில் வரும். போகப்போக அதன் பின்னால் மிளகு ரசமும், கட்டிக்கொடுத்த மகளும், ஒழுகும் குழாயும் வந்தன. இருமல் எப்போது நின்றதென்று இருவருமே கவனிக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் மண்ணில் மிளகளவு ஓட்டை. கறுப்புக் குளவி ஒன்று வெளியே வந்து, பூங்காவனத்தின் விரல்மேல் நடந்து, ஜன்னல் வழியே பறந்தது.

“அக்கா, வந்துட்டுது!”

கையில் சாவியோடு அவள் நின்றாள். ஓட்டையைச் சுற்றியிருந்த மண் விரிசல் விட்டு அவள் காலடியில் உதிர்ந்தது. துவாரத்துக்குள் அந்தப் பக்கமிருந்து இன்னொரு சாவியின் நுனி எட்டிப் பார்த்தது.