முழுக்கைச் சட்டை

"அந்த சீட்டுல யாரும் ஒக்காராதீங்கடா! எய்ட்ஸ் ஒட்டிக்கும்லா!"

இதைக் கத்தியது கணேசமூர்த்தியா, நானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொண்ணூற்றிரண்டாம் வருடம் என்று நினைக்கிறேன். பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சையின் முதல் நாள். கோலா சாவா பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து டவுன் பள்ளிக்கு அந்த ஒரு பஸ்தான்.

செல்லம்மா படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். அவள் அண்ணன் ராஜமாணிக்கத்தை பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுவந்து எரித்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. தோட்டத்து உறுமி மேளக் குழு அவனுடையது. பஸ்ஸிலிருந்த நாங்கள் ஏழு பையன்களும் அவனிடம் மேளம் பழகியவர்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லடா. ரத்தம் எடுத்துப் பாத்துட்டாங்க."

"ஒங்கண்ணன் குடிச்ச மங்குலதான நீயும் குடிச்ச?" என்றான் விசுவநாதன்.

"மங்குல குடிச்சா ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"அப்ப டாக்டர வந்து ஒம்பக்கத்துல ஒக்காரச் சொல்லு!"

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் ராமசாமி திரும்பிப் பார்த்தார். "மணியாச்சு. இவனுங்க விடமாட்டானுங்க. நீ எறங்கிக்கம்மா."

"நின்னுக்கிட்டே வரேண்ணே. எதையும் தொட மாட்டேன். இன்னிக்குப் பரீட்சண்ணே."

அவர் கியரில் கை வைத்தார். செல்லம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்த எங்கள் முழுக்கைச் சட்டைகளில் அவள் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் இறங்கினாள்.

பஸ் கிளம்பியதும் பின்னாலேயே ஓடிவந்தாள். செம்மண் வளைவு வரைக்கும் தெரிந்தாள். பரீட்சை மண்டபத்தில் அவள் மேசை காலியாகக் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவேயில்லை.

ராமசாமி அண்ணன் இப்போது மம்பாவில் மகனோடு இருக்கிறார். செல்லம்மா சுங்கை காடுட் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள். அவளுக்கு எந்த நோயும் இல்லை. கணேசமூர்த்தி தொண்ணூற்றெட்டில் செத்துப்போனான். அவனையும் பிளாஸ்டிக்கில்தான் சுற்றிக் கொண்டுவந்தார்கள். விசுவநாதன் ரத்தம் கொடுத்துப் பார்க்க மாட்டேன் என்கிறான். நான் வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி வரிசையில் உட்காருகிறேன். பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

பள்ளியில் பிரம்படி விழுமே என்று அந்தச் சட்டைகளுக்குள் நாங்கள் ஒளித்துவைத்திருந்தது, குழுவின் அடையாளமான வேல் பச்சை. செல்லம்மா மை இருந்த கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, ராஜமாணிக்கம் முதலில் தன் கையில் குத்திக் காட்டிவிட்டு, அதே ஊசியால் எங்கள் ஏழு பேருக்கும் குத்தினான்.