காதுக்கருவி இல்லாத மதியக் காட்சி
ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு இன்னும் கால்மணி நேரம். நியூயார்க் நாடக அரங்கின் ஒப்பனை அறையில், முப்பது வருடமாக நடிகை வினிஃப்ரெட்டுக்கு உடை மாட்டிவிடும் எட்னா, அவள் உடையின் முதுகுப்புறக் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் போடுகிறாள். இது கடைசித் தடவை என்று இருவருக்கும் தெரியாது. கண்ணாடியைச் சுற்றிய விளக்குகளின் வெளிச்சத்தில் முகப்பவுடர் மிதக்கிறது. நேற்று வினிஃப்ரெட்டுக்கு இரண்டு இடத்தில் வசனம் மறந்துபோனதால், திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் வரிகளை எடுத்துக்கொடுக்க ஒரு சின்னக் காதுக்கருவி தந்திருக்கிறார்கள். இன்றும் தடுமாறினால் செவ்வாய்க்கிழமை முதல் அந்த வேடம் வேறொருத்திக்கு. வினிஃப்ரெட் கருவியைக் கழற்றி எட்னாவின் உள்ளங்கையில் வைக்கிறாள். "நீயே வச்சுக்கடி. இந்த எண்பது வயசுல ஒரு ஆம்பளை என் காதுக்குள்ள முணுமுணுத்தா எனக்குச் சிரிப்பு வருது." "மறந்துட்டா என்னடி பண்ணுவ?" "உன் மூஞ்சியப் பாப்பேன். பயத்துல எல்லாம் தானா வந்துடும்."

மேடையோரத் திரை மறைவில் நின்று எட்னா கருவியைத் தன் காதில் மாட்டிக்கொள்கிறாள். உள்ளே ஒவ்வொரு வரியும் கிசுகிசுப்பாக வருகிறது. நீல வெளிச்சத்தில் நிற்கும் வினிஃப்ரெட்டின் குரலோ அதற்கு அரை மூச்சு முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. அரங்கில் யாரோ மிட்டாய்த் தாளைப் பிரிக்கிறார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அவள் சாவகாசமாகக் காத்திருந்து, பிறகு அடுத்த வரியைச் சொல்கிறாள். எட்னா சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்கிறாள்.

திங்கட்கிழமை விடியலில் வினிஃப்ரெட் உறக்கத்திலேயே போய்விட்டாள். ஒவ்வொரு காட்சிக்கும் மேடை மேலாளர் எழுதிவைக்கும் அறிக்கையில், அந்த ஞாயிறு மதியத்துக்கு நேராக இப்போதும் இருப்பது இதுதான்: ஓடிய நேரம் இரண்டு மணி பதினோரு நிமிடம், வசனத் தவறு இல்லை.